ஈய உருண்டையின் தழும்பு மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா?

ஓஹியோவில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். குழலின் வாய் வழியாகவே வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் பழைய பாணி ரைபிள் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கியிருக்கிறார். குழலின் உள்விட்டம் 0.50 அங்குலம். ஈயத்தை உருக்கி, 0.490 அங்குல அச்சில் உருண்டைகளைத் தானே வார்த்துக்கொள்கிறார். ஒவ்வோர் உருண்டையிலும் ஈயம் ஊற்றிய துளை இருந்த இடத்தில் தட்டையாக ஒரு தழும்பு நிற்கிறது. கெட்டிக்கும்போது அது வானம் பார்த்திருக்க வேண்டும் என்கிறார் சுடுகளத்தில் ஒரு பெரியவர். மருந்தைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். இவருக்கோ 50 கஜத்தில் ஐந்து குண்டுகள் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறுகின்றன. எது சரி என்பது கேள்வி.

எழுதியிருப்பது தழும்பைப் பற்றி. ஆனால் அவர் உண்மையில் கேட்பது "என் குண்டுகள் ஏன் சிதறுகின்றன?" என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. கோயம்புத்தூரில் பம்புக்கான வார்ப்படங்கள் செய்யும் ஆலையில் பதினொரு ஆண்டுகள் உருக்கு உலையின் பக்கத்தில் நின்றவன். அதற்குப் பிறகு பென்சில்வேனியாவுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சனிக்கிழமைகளில் இந்தப் பொழுதுபோக்குத்தான். எனக்குப் பழக்கமானவை துணி சுற்றிய உருண்டையைச் சுடும் ரைபிள்கள். உட்சுவர் வழவழப்பான பறவை வேட்டைத் துப்பாக்கிகளில் என் அனுபவம் குறைவு. உங்கள் துப்பாக்கியை நான் கையில் எடுத்துப் பார்த்ததும் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தழும்புக்குப் பதில் எளிது. மேலே வையுங்கள். கீழே வைத்தாலும் குற்றமில்லை. பக்கவாட்டில் மட்டும் வைக்காதீர்கள். ஆனால் அந்த ஒரு சாண் சிதறலைத் தழும்பின் தலையில் போட முடியாது. கணக்குப் போட்டே காட்டலாம்.

தழும்பு என்று ஏன் ஒன்று வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஈயம் 327.5 டிகிரி செல்சியசில் உருகும். திரவ நிலையிலிருந்து உறையும்போது அதன் கனஅளவு ஏறக்குறைய மூன்றரை விழுக்காடு சுருங்கும். அச்சின் சுவரைத் தொடும் ஈயம் முதலில் உறைந்து ஓடாகிறது. நடு ஈயம் கடைசியில் உறைகிறது. அப்போது சுருக்கத்தை ஈடுகட்ட மேலிருந்து புதிய ஈயம் வராவிட்டால் உள்ளே ஒரு பொள்ளல் விழும். வார்ப்பாலையில் இதற்காகவே ரைசர் வைப்போம்: வார்ப்படத்துக்கு மேல் கூடுதலாக ஒரு குளம், அது கடைசியில் உறைந்து, கீழே பசிக்கிற இடத்துக்கு ஊட்டும். குண்டு அச்சிலும் அதே கதைதான். ஊற்றும் துளைக்கு மேல் தட்டில் நாலணாக் காசு அகலத்துக்கு ஈயம் தேங்கி நிற்கும்படி ஊற்றுங்கள். ஊற்றியதும் உடனே தட்டைத் திருப்பி அந்தத் தேக்கத்தை வெட்டிவிடாமல் அதையே பாருங்கள். முதலில் கண்ணாடியாக மின்னும். பிறகு நடுவில் ஒரு சின்னக் குழி உள்நோக்கி இழுபடும். கீழே உருண்டை ஈயத்தை உறிஞ்சுகிறது. அதற்குப் பின் மினுமினுப்பு சட்டென்று மங்கும். மங்கி நான்கைந்து நொடி கழித்து வெட்டுங்கள். புதிதாக வார்ப்பவர்கள் பெரும்பாலும் அவசரப்படுவது இங்கேதான்.

ஊட்டம் போதாமல் பொள்ளல் விழுந்தால் அது பெரும்பாலும் தழும்புக்கு அடியிலேயே இருக்கும், கடைசியில் உறைந்த பக்கம் அதுதானே. ஆகவே தழும்பு இருக்கும் திசை, உருண்டையின் இலேசான பக்கம் எது என்று நமக்குச் சொல்கிறது. பழைய ஆட்கள் தழும்பைப் பற்றிக் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

இப்போது கணக்கு. பொள்ளல் இல்லாத 0.490 அங்குலச் சுத்த ஈய உருண்டையின் எடை ஏறக்குறைய 11.45 கிராம், அதாவது 177 கிரெயின். அதற்குள் 3 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஒரு பொள்ளல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த அளவு உருண்டையில் அது பெரிய பொள்ளல். எடையில் 0.16 கிராம் குறையும். அந்தப் பொள்ளல் மையத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், உருண்டையின் எடைமையம் எதிர்ப்பக்கமாக 0.06 மில்லிமீட்டர் நகரும். ரைபிள் குழல் உருண்டையைச் சுழற்றித் தள்ளுகிறது. 48 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பது இந்த வகைத் துப்பாக்கிகளில் பரவலான அளவு. எடைமையம் குழலின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருந்தால், வாயை விட்டு வெளியேறும் கணத்தில் உருண்டை பக்கவாட்டில் சிறிது வீசப்படும். அந்த விலகலை 50 கஜத்துக்குக் கணக்கிட்டால் ஒன்றரை சென்டிமீட்டரைக்கூட எட்டவில்லை. ஒரு குண்டு இடப்பக்கமும் அடுத்த குண்டு வலப்பக்கமும் விலகினாலும் இரண்டுக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டருக்குள்தான் அடங்கும். ஒரு சாண் என்பது இருபத்திரண்டு சென்டிமீட்டருக்கு மேல். மிச்சத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரியும். பொள்ளல் குழலின் நடுக்கோட்டின் மேலேயே இருந்தால் எடைமையமும் நடுக்கோட்டிலேயே இருக்கும். பக்கவாட்டு வீச்சு கிடையாது. தழும்பு நேர் மேலே இருந்தாலும் நேர் கீழே இருந்தாலும் இது பொருந்தும். ஆகவே உங்கள் சுடுகளத்துப் பெரியவர்கள் இருவருமே சரி. நான் மேலே என்று சொல்வதற்கு இயற்பியல் காரணம் எதுவும் இல்லை. மேலே இருந்தால் அது நடுவில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். கீழே கவிழ்த்தால் விரல் நழுவிச் சாய்ந்தாலும் தெரியாது. அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம் எடை போடுவது. வார்த்ததையெல்லாம் தராசில் வையுங்கள். பெரும்பாலானவை ஒரே எடையில் திரளும். சில மட்டும் இலேசாக ஒதுங்கி நிற்கும். ஒரு கிரெயினுக்கு மேல் குறைந்ததை நான் மறுபடி உருக்கும் சட்டியில் போட்டுவிடுவேன். கூடுதல் எடை காட்டுவது அநேகமாக அச்சு முழுதாக மூடாமல் வார்த்தது; அதன் இடுப்பைச் சுற்றி விரலுக்குத் தட்டுப்படும் ஒரு வரம்பு ஓடும்.

சரி, சிதறல் எங்கிருந்து வருகிறது? 0.500 அங்குலக் குழலில் 0.490 அங்குல உருண்டையைப் போடுகிறோம். சும்மா போட்டால் கலகலவென்று அடிவரை உருண்டு போகும். உருண்டையைச் சுற்றி எண்ணெய்ப் பதமுள்ள துணியை வைத்து அழுத்துவது அதற்காகத்தான். துணியின் தடிமன் 0.015 அங்குலம் என்றால் இரு பக்கமும் சேர்த்து 0.030. உருண்டையோடு கூட்டினால் 0.520. குழலின் உட்சுவரில் சுருண்டு ஓடும் பள்ளங்கள் பக்கத்துக்கு 0.010 அங்குல ஆழம் என்றால் பள்ளத்திலிருந்து பள்ளம்வரை அதே 0.520. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேடுகளின் மேல் மட்டும் துணி 0.005 அங்குலத் தடிமனுக்கு நசுங்கியாக வேண்டும்; அதனால்தான் முதல் அங்குலம் இறங்குவதற்குக் கைப்பிடி உருண்ட குட்டைக் கோலும் உள்ளங்கையின் ஓர் அடியும் தேவைப்படுகின்றன. துணி மூன்று வேலை செய்கிறது: பள்ளத்தின் சுழற்சியை உருண்டைக்குக் கடத்துகிறது, பின்னாலிருந்து வரும் வெப்ப வாயுவை மறிக்கிறது, முந்தைய வெடியின் கசடை வழித்துக்கொண்டு போகிறது. ஈயம் குழலைத் தொடவே தொடாது. பழைய போர்க்களங்களில் தொல்லியலாளர்கள் எடுக்கும் ஈய உருண்டைகள் சிலவற்றில் துணியின் ஊடும் பாவும் பதிந்திருக்கும். ரைபிளிலிருந்து வந்தது என்பதற்கு அது கையெழுத்து மாதிரி.

உருண்டையைக் குழலைவிடச் சிறிதாக வைத்தது சோம்பலால் அல்ல. இந்தத் துப்பாக்கிகளில் போடும் கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடமான கசடாகவும் புகையாகவும் நிற்கும். நாலைந்து வெடிக்குப் பிறகு குழல் அடைத்துக்கொள்ளும். பிரிட்டிஷ் சிப்பாயின் பிரவுன் பெஸ் என்ற, உட்சுவர் வழவழப்பான மஸ்கட்டில் குழல் ஏறக்குறைய 0.75 அங்குலம், உருண்டை 0.69. ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. காகிதத் தோட்டாவைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, காகிதத்தோடு உருண்டையைத் தள்ளி, நிமிடத்துக்கு மூன்று முறை சுட வேண்டும்; குறி அதற்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் உருண்டை குழலுக்குள் இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டு வெளியே வந்தது. கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்ற ஒரு தற்சுழற்சியோடு பறந்தது.

இந்தத் தற்சுழற்சிதான் உருண்டையை வளைந்து போகவைக்கிறது என்று முதலில் தெளிவாகச் சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர். பீரங்கிக் கலை குறித்து 1742இல் நூல் எழுதியவர். குண்டின் வேகத்தை ஊசல் கொண்டு அளந்தவர். மஸ்கட் குழல் ஒன்றின் நுனியை இடப்பக்கம் வளைத்துவிட்டுச் சுட்டுக் காட்டினார். குண்டு இடப்பக்கம் கிளம்பி, போகப் போக வலப்பக்கம் வளைந்தது. வளைந்த குழலின் உட்சுவரில் உருண்டு வந்ததால் பெற்ற சுழற்சிதான் காரணம். புரி போட்ட, அதாவது சுருள் பள்ளம் வெட்டிய, குழலின் மேன்மையை 1747இலேயே ராயல் சொசைட்டியின் முன் எடுத்துச் சொன்னார். இவரை நான் இங்கே இழுத்து வர இன்னொரு காரணமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் செப்பனிட இவரை அனுப்பியது. 1750இல் வந்து சேர்ந்தார். மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார், கடலூர் தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டையில். குண்டு ஏன் வளைகிறது என்று உலகத்துக்குச் சொன்னவரின் மூச்சு நம் கெடில ஆற்றங்கரைப் பக்கம் அடங்கியிருக்கிறது. கடலூர்க்காரர்கள் பலருக்கே இது தெரியாது.

இறுக்கமும் வேண்டும், வேகமாகக் கெட்டிக்கவும் வேண்டும் என்ற இழுபறியில் ஒரு நூற்றாண்டு ஓடியது. 1800இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த பேக்கர் ரைபிளுக்கு உருண்டையை உள்ளே தட்ட மரச் சுத்தியல்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். பிரெஞ்சு அதிகாரி டெல்வீன் 1826இல் வேறு வழி கண்டார்: குழலின் அடியில் மருந்துக்குக் குறுகலான அறை, தளர்வான உருண்டை அந்த அறையின் விளிம்பில் உட்காரும், கோலால் ஓங்கிக் குத்தினால் நசுங்கி விரிந்து பள்ளத்தைப் பிடிக்கும். பிடித்தது, ஆனால் நசுங்கிய குண்டு நேராகப் பறக்கவில்லை. 1849இல் இன்னொரு பிரெஞ்சு அதிகாரி மினியேவின் கூம்புக் குண்டு, மருந்தின் அழுத்தத்திலேயே தன் அடிப்பாகம் விரியும்படி அமைந்து, இந்த வழக்கை முடித்து வைத்தது. அதன் வாரிசான என்ஃபீல்டு ரைபிளின் தோட்டாக் காகிதத்தில் தடவிய கொழுப்புதான் 1857இல் நம் நாட்டில் என்ன செய்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கொழுப்பு அங்கே செய்த வேலையும் உங்கள் துணியில் இருக்கும் கொழுப்பு செய்யும் வேலையும் ஒன்றே: கசடை இளக்குவது.

பழைய பாணி ரிவால்வர் வைத்திருக்கும் நண்பர் யாராவது "உருண்டை குழலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்" என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அங்கே துணி கிடையாது. கோல்ட்டின் 1851 மாதிரிக்கு 0.375 அங்குல உருண்டையை அறைக்குள் அழுத்தும்போது மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு வரும். அந்த இறுக்கம்தான் அங்கே எல்லாம். அந்த விதி உங்கள் ரைபிளுக்குப் பொருந்தாது.

இனி உங்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி: சுட்ட பிறகு துணியை எடுத்துப் பார்த்தீர்களா? உங்கள் பதிவில் உருண்டையின் எடை இருக்கிறது, தழும்பின் அகலம் இருக்கிறது, துணியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. குண்டு இலக்குக்குப் போய்விடும். துணி உங்கள் முன்னால் பத்துப் பதினைந்து கஜத்துக்குள் புல்லில் விழுந்து கிடக்கும். வாக்குமூலம் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான். களம் அடங்கி, எல்லோரும் துப்பாக்கியை வைத்துவிட்ட பிறகு நடந்து போய்ப் பொறுக்குங்கள். நான் பழைய மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு வருகிறேன். மனைவிக்கு இன்றுவரை அது ஏன் என்று புரியவில்லை.

விரித்துப் பாருங்கள். நல்ல துணியின் நடுவில் உருண்டை உட்கார்ந்த வட்டம் சாம்பல் நிறத்தில் தெரியும். அதைச் சுற்றி, சூரியனுக்குக் கதிர் வரைந்தது போல, மேடுகள் பதிந்த கறுத்த கோடுகள் சீரான இடைவெளியில் இருக்கும். ஓரம் பிசிறியிருக்கலாம், பரவாயில்லை. துணி முழுசாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பதம் விரலில் ஒட்ட வேண்டும். கொஞ்சம் துடைத்தால் மறுபடி உபயோகிக்கலாம் போலிருக்க வேண்டும். நடு வட்டத்தைச் சுற்றிக் கருகி ஓட்டை விழுந்திருந்தால் வாயு பீறிட்டிருக்கிறது: துணி மெல்லியது, அல்லது கொழுப்பு போதவில்லை, அல்லது மருந்து அதிகம். கதிர்க்கோடுகளின் இடத்தில் கத்தியால் கீறியது போல நேர்வெட்டு இருந்தால் மேடுகளின் ஓரமோ குழல் வாயின் விளிம்போ கூராக இருக்கிறது. புதிய குழல்களில் இது சகஜம். துணி கந்தல் கந்தலாக வந்தால் அது நைந்த துணி. அல்லது, கெட்டிக்கும்போதே கிழிந்திருக்கிறது. கெட்டிக்கும்போது கிழிகிறதா, சுடும்போது கிழிகிறதா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. மருந்து போடாமல் துணியும் உருண்டையும் மட்டும் இறக்கி, திருகுமுனைக் கோலால் வெளியே இழுத்துப் பாருங்கள். கீறல் அப்போதே இருந்தால் குற்றவாளி குழலின் வாய்.

துணி பருத்தியாகவோ லினனாகவோ இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்தது உருகி ஒட்டும். ஒரு நூலைப் பிரித்துத் தீயில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி சாம்பலாகும், மற்றது உருண்டு கறுத்த மணியாகும். நெருக்கமாக நெய்த, கோடுபோட்ட மெத்தை உறைத் துணி இங்கே எல்லோருக்கும் பிடித்தது. கடையிலிருந்து வந்த துணியில் கஞ்சி இருக்கும். அலசிக் காயவைத்து, பிறகு மைக்ரோமீட்டரால் அளவு பாருங்கள். என் முதல் ஆண்டில் நான் அலசாமலே அளந்து 0.018 என்று குறித்து வைத்தேன். கஞ்சி போன பிறகு அது 0.015 ஆகிவிட்டது. ஒரு கோடைக்காலம் முழுக்க உருண்டையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஈயம் மென்மையாக இருக்க வேண்டும் என்பதும் உறுதியான விஷயம். விரல் நகத்தால் அழுத்திக் கீறினால் கோடு விழ வேண்டும். பழைய குழாய் ஈயமும் கூரைத் தகட்டு ஈயமும் பெரும்பாலும் மென்மையானவை. கார் சக்கரத்தில் மாட்டும் பழைய ஈயச் சமன் எடைகளில் பெரும்பாலும் ஆன்டிமனி கலந்திருக்கும், கடினம். அதே அச்சில் வார்த்தாலும் கடின ஈயம் குறைவாகச் சுருங்குவதால் உருண்டை சற்றுப் பெரிதாகவும் எடை குறைவாகவும் வரும். துணியோடு இறக்கும்போது மல்லுக்கு நிற்கும். கார் பேட்டரியிலிருந்து எடுத்த ஈயத்தைத் தொடவே வேண்டாம். அதன் அமிலமும் அதில் கலந்த பிற உலோகங்களும் விஷம்.

கெட்டிப்பதில் பேரம் பேசக்கூடாத சில உண்டு. உருண்டை மருந்தின் மேல் இடைவெளியின்றி உட்கார வேண்டும். நடுவழியில் நின்றுவிட்ட உருண்டையோடு சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். கோலில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: வெறும் குழலுக்கு ஒன்று, சரியாகக் கெட்டித்த குழலுக்கு ஒன்று. எடுத்தவுடன் கோலை உள்ளே விட்டு வெறும் குழல்தான் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டித்ததும் இரண்டாவது கோடு விளிம்போடு நிற்கிறதா பாருங்கள். மருந்தைக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கங்கு இருந்தால் குடுவை முழுவதும் கையில் வெடிக்கும். அளவுக் குப்பியில் எடுத்துத்தான் கொட்ட வேண்டும். புகையற்ற நவீன மருந்து ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக்கூடாது. முகத்தையோ உடம்பையோ வாய்க்கு நேரே சாய்க்கக்கூடாது. விசை அடித்தும் வெடிக்காவிட்டால் இலக்கை நோக்கியே பிடித்தபடி ஒரு நிமிடம் முழுக்கக் காத்திருங்கள். மருந்தின் அளவை நான் இங்கே எழுதவில்லை. அது உங்கள் துப்பாக்கி செய்தவரின் கையேட்டில் இருக்கும். அதில் உள்ள குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள்.

கோலைத் தூக்கித் தூக்கிப் போட்டு, அது எகிறிக் குதிக்கும்வரை உருண்டையைக் குத்தும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நான் செய்வதில்லை. டெல்வீன் பட்ட பாடு நமக்கும் எதற்கு? ஒரே மாதிரி அழுத்தி, ஒரே இடத்தில் நிறுத்துவது போதும். ஆனால் அப்படிக் குத்திக்கொண்டே என்னைவிட நன்றாகச் சுடும் இருவரை எனக்குத் தெரியும் என்பதையும் மறைக்கக்கூடாது.

எது உறுதி, எது வெறும் நம்பிக்கை என்று கேட்டால்: பொள்ளல் பக்கவாட்டில் இருந்தால் விலகும் என்பது உறுதி, எடை போட்டு ஒதுக்கினால் அந்தக் கவலை தொண்ணூறு பங்கு போய்விடும் என்பது என் அனுபவம். துணியின் தடிமனும் கொழுப்பும் குறியை மாற்றும் என்பது உறுதி. எந்தக் கொழுப்பு சிறந்தது என்பது ஆளுக்கு ஆள் மதம். தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் கலந்தது எனக்கு ஒத்துவருகிறது. வெறும் எச்சிலால் நனைத்துப் போட்டுப் பரிசு வாங்குகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு வெடிக்கும் குழலைத் துடைக்க வேண்டுமா என்பதில் நான் துடைக்கும் கட்சி. தழும்பை அரைத்தோ உருட்டியோ அழித்துவிட்டுப் போட்டால் நேராகப் பறக்கும் என்பார்கள். அழித்துப் போட்டும் பார்த்தேன், அழிக்காமலும் பார்த்தேன். என் இலக்குத் தாளில் வேறுபாடு தெரியவில்லை. உள்ளே பொள்ளல் இருந்தால் தழும்பை அழித்தபின் அது எந்தப் பக்கம் என்பதே தெரியாமல் போகும் என்பது மட்டும்தான் மிச்சம். உருண்டையிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் கூடாது. காற்றைக் கிழிப்பதற்கு அது மோசமான வடிவம். 100 கஜம் போவதற்குள் கிளம்பிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும்.

வார்க்கும்போது ஒரு சொல். ஈயச் சட்டியின் ஆவியைவிட மேலே மிதக்கும் சாம்பல் நிறத் தூசி ஆபத்து. திறந்த வெளியில் வைத்தே ஈயத்தை வார்த்துக்கொள்ளுங்கள். கசடை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் காப்பி டம்ளரைத் தொடாதீர்கள். அந்த உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. ஈரமான ஈயக் கட்டியை உருகிய சட்டியில் போட்டால் தண்ணீர் நொடியில் ஆயிரத்து அறுநூறு மடங்கு நீராவியாக விரிந்து, ஈயம் கூரைவரை தெறிக்கும். ஆலையில் பதினொரு ஆண்டுகள் இருந்தும் எனக்கே இங்கே ஒருமுறை நடந்தது, வெளியில் வைத்திருந்த கட்டியில் பனி படிந்ததைப் பார்க்காமல். கண்ணாடி போட்டிருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை மூன்று விதத் துணி எடுத்துப் போங்கள்: 0.010, 0.015, 0.018. உருண்டை, மருந்து, கொழுப்பு மூன்றும் மாறக்கூடாது. ஒவ்வொன்றிலும் ஐந்து வெடி, தனித்தனித் தாளில். துணிகளைப் பொறுக்கி, அந்தந்தத் தாளின் பக்கத்தில் விரித்து வைத்து, இருபுறமும் படம் எடுத்து இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன். தழும்பு எந்தப் பக்கம் இருந்தது என்று எழுத வேண்டாம்.